மேம்சாகிப்புக்குக் கடுகெண்ணெய்

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நிற்கிற அச்சு இயந்திரத்துக்கு மேம்சாகிப், அதாவது வெள்ளைக்காரத் துரைசாணி, என்று பெயர். என் மாமனாரின் அப்பா அவளைக் கப்பலிலிருந்து இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, சித்பூர் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கப்புறம்தான் சுற்றிலும் சுவர் எழுப்பினாராம். இனி அவளை வெளியே எடுக்க வேண்டுமென்றால் வீட்டை இடிக்க வேண்டும். என்னையும் ஏறக்குறைய அப்படித்தான் கொண்டுவந்தார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது என் கணவர் பூர்ணேந்து டிராம் கம்பெனியில் வேலை பார்த்தார். விடிந்ததும் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். வீட்டில் மிச்சம் நானும் மேம்சாகிப்பும். யாராவது ஒருத்தி இன்னொருத்தியைக் கவனித்துத்தானே ஆக வேண்டும்? நான் கவனித்துக்கொண்டேன்.

அவளுக்கு வேண்டியது அதிகமில்லை, எண்ணெய்தான். உடம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளை மூடி. மூடியைத் திறந்து, பழைய அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பெரிய சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே இறங்கவிட்டு, மறுபடியும் சொட்டு. வழிந்ததை உடனே துடைத்துவிட வேண்டும். மை உருளையில் எண்ணெய் பட்டால் போச்சு, அந்த இடத்தில் மை ஒட்டாது. இதெல்லாம் சொன்னால் ஏதோ பெரிய வித்தை மாதிரி இருக்கும். கிடையாது. பொறுமை இருந்தால் போதும். எனக்கு மனிதர்களிடம் பொறுமை கிடையாது, இவளிடம் மட்டும் உண்டு.

போன வருஷம் என் கணவர் ஓய்வு பெற்றார். அன்றைக்குப் பிடித்தது சனி. டிராமை ஓட்டின கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கடிகாரத்தைக் கழற்றினார், அது நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாயைத் திருகினார், அது நிற்கவே இல்லை. இதற்கெல்லாம் மேலே அவருடைய கடுகெண்ணெய். உலகத்தில் கடுகெண்ணெய்க்குக் கட்டுப்படாத சங்கடம் கிடையாது என்பது அவர் கட்சி. குளிப்பதற்கு முன் தலை முதல் கால் வரை தடவிக்கொள்வார், தொப்புளில் ஒரு சொட்டு விடுவார். சளி பிடித்தால் மூக்கில் விடுவார், கதவு கிறீச்சிட்டால் கீலில் விடுவார்.

"இந்த முட்டியைப் பாரு இலா," என்று காலை மடக்கி நீட்டிக் காட்டுவார். "முப்பது வருஷம் நின்னே வண்டி ஓட்டியிருக்கேன். ஒரு சத்தம் வருதா? எல்லாம் எண்ணெய் பண்ற வேலை."

"முட்டியோட நிறுத்திக்கோங்க," என்பேன் நான். "மேம்சாகிப் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

"எங்க தாத்தா வாங்கின மெஷின்டீ அது."

"வாங்கினது தாத்தா. வாழ வைக்கிறது நான்."

அவர் மொட்டை மாடிக்குப் போய்ப் பட்டத்துக்கு நூல் சுற்றுவார்.

மாடியில் வாடகைக்கு இருப்பவள் கேதகி. ஊர் ஊராகப் போய்ப் பந்தலில் ஆடுகிற ஜாத்ரா நாடகக் கம்பெனி நடிகை. ராணிக்குத் தோழியாக விளக்கு பிடிப்பாள், கதாநாயகிக்கு அம்மாவாகி இரண்டாம் காட்சியிலேயே செத்துப் போவாள், வில்லன் வீட்டு வேலைக்காரியாகி அடி வாங்குவாள். இருபது வருஷமாக இதுதான். போஸ்டரில் அவள் பெயர் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் இருக்கும். அந்தப் போஸ்டர்களை அடிப்பவளே நான்தான். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு வார்த்தையைக் கோக்கும்போது எனக்குக் கோபமாக வரும். கேதகி சாயங்காலம் வெற்றிலை மடித்துக்கொண்டு கீழே வந்து உட்காருவாள், ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. எனக்கு அதுவும் கோபம். கேட்டால்தானே கொடுப்பார்கள்!

இந்த வருஷம் கேட்டுவிட்டாள். கம்பெனி முதலாளி கோஷால் பாபு ‘ஜமீன் வீட்டு ராட்சசி’ என்று புது நாடகம் எடுத்திருந்தார். குடிசை பறிபோன ஒருத்தி ராட்சசியாகி ஜமீந்தாரை ஆட்டிப்படைக்கிற கதை. ஒத்திகையில் ஒரு நாள் ஆள் வரவில்லை என்று கேதகி அந்த வசனத்தைச் சும்மா படித்திருக்கிறாள். டீ கொண்டுவந்தவன் கிளாஸைக் கீழே போட்டுவிட்டானாம். அன்றைக்கே அவள் முதலாளியிடம் போய், "பாபு, இந்த வேஷம் எனக்கு வேணும்," என்று கேட்டுவிட்டாள்.

கோஷால் பாபு இரண்டு தோணியில் கால் வைக்கிற ஆள். டிவி சீரியலில் அழுது அழுது பேர் வாங்கின மல்லிகா என்று ஒருத்தி. அவளுக்கும் ஆசை காட்டி வைத்திருந்தார். "பேருக்கு இடம் விட்டுக் கறுப்பை அடிச்சு வையுங்க பௌதி. பேர் யாருன்னு பின்னாடி சொல்றேன்," என்றார் என்னிடம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் நான் பௌதிதான், அண்ணன் பெண்டாட்டி. சரியென்று நானூறு போஸ்டர் கறுப்பில் அடித்து, மேலே ஒரு பட்டை வெறுமனே விட்டு வைத்தேன். நாடகத்தின் பெயரும் நடிகையின் பெயரும் அங்கே சிவப்பில் வர வேண்டும்.

மெஷின்களுக்கெல்லாம் நடக்கிற விசுவகர்மா பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம் பார்த்து வந்து நின்றார்.

"கேதகின்னே போடுங்க," என்றார். "ஆனா ஒண்ணு. பூஜைக்கு மறுநாள் காலைல பத்து மணிக்கு வண்டி வரும். ஆட்டம் புக் பண்ற ஏஜென்டுங்க எல்லாம் ஜில்லாவுக்குக் கிளம்பறாங்க. போஸ்டர்ல யார் பேர் போகுதோ அவதான் ராட்சசி. மல்லிகா பேர்ல ஆப்செட்ல ஒரு கட்டு அடிச்சு ஏற்கனவே வண்டியில கிடக்கு. உங்களது ரெடின்னா அதை இறக்கிடுவேன். இல்லைன்னா அதுதான் போகும். வருத்தப்படக் கூடாது."

"ஏன் பாபு, இதை நேத்து சொல்ல வாய் வரலையா?"

"நேத்து மல்லிகா எவ்வளவு பணம் கேப்பான்னு தெரியலையே பௌதி," என்று சிரித்தார் அந்த மனுஷன்.

அன்றைக்கே அடிக்க வழியில்லை. மேம்சாகிப்பை அப்போதுதான் கழுவித் துடைத்து, துளை துளையாக எண்ணெய் விட்டு, பூஜைக்குத் தயாராக நிறுத்தியிருந்தேன். குளித்து நிற்பவள் மேல் மையைப் பூசுவார்களா? மறுநாள் பூஜை. அன்றைக்கு எந்த மெஷினும் ஓடாது, எந்தச் சக்கரமும் சுற்றாது. ஆக, அதற்கு மறுநாள் விடியற்காலையில் தொடங்கினால் பத்து மணிக்கு முன்னால் நிதானமாக முடித்துவிடலாம். மாமனார் காலத்துப் பெரிய மரஎழுத்துப் பெட்டியைத் திறந்தேன். கதாநாயகன் பெயருக்கு மட்டும் எடுக்கிற எழுத்துக்கள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். அதில் கேதகியின் பெயரைக் கோத்து, நூல் கட்டி வைத்தேன்.

கேதகி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ பெருசாவா பௌதி?" என்றாள்.

"இதைவிடப் பெருசா இந்த வீட்ல எழுத்து இல்லை. இருந்தா அதைப் போட்டிருப்பேன்."

அவள் எழுத்துக்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள்.

பூஜையன்று சந்து முழுக்கக் கொண்டாட்டம். புரோகிதருக்கு அன்றைக்கு மட்டும் இருபது அச்சகம். செருப்பைக் கழற்றாமலே மந்திரம் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கும். கடுகெண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து, மேம்சாகிப்பின் பெரிய சக்கரத்தில் ஸ்வஸ்திக் போட்டார், எனக்கும் நெற்றியில் ஒரு தீற்று, இனிப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார். அன்றைக்கு அடுப்பும் எரியாது. முந்தின நாள் சமைத்த ஆறின சோறும் வறுத்த ஹில்சா மீனும் சாப்பிட்டுவிட்டு, வருஷத்தில் ஒரு நாள் என்று கை காலை நீட்டித் தூங்கினேன். மேலே மொட்டை மாடியிலிருந்து என் கணவர் யார் பட்டத்தையோ அறுத்துவிட்டு, "போ கட்டா!" என்று கத்துகிற சத்தம் கேட்டது. ஆள் பட்டத்தோடு இருக்கிறார், கீழே ஆபத்தில்லை என்று நிம்மதியாகப் புரண்டு படுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் மாலையைக் கழற்றி, எழுத்துக்களைப் பலகையில் பூட்டி, சிவப்பு மையைத் தட்டில் தேய்த்துவிட்டு மோட்டார் சுவிட்சைப் போட்டேன். மேம்சாகிப் முனகினாள். சக்கரம் கால் வட்டம் போய் நின்றது. பெல்ட் வழுக்கிக்கொண்டு வீலென்று கத்தியது, ரப்பர் கருகுகிற நாற்றம். சுவிட்சை அணைத்தேன். முந்தாநாள்தானே ஒவ்வொரு துளையையும் நானே பார்த்தேன்!

சக்கரத்தின் பெரிய அச்சுத்தண்டுக்கு மேலே இருந்த மூடியைத் திறந்து விரலை விட்டேன். விரல் சிவப்பாக வந்தது. ரத்தம்தான் என்று ஒரு கணம் உயிர் போய்விட்டது. முகர்ந்து பார்த்தேன். கடுகெண்ணெய். விரல்களைத் தேய்த்தால் நறநறவென்று குங்குமம்.

"இங்க வாங்க!" என்று நான் போட்ட சத்தத்துக்கு எதிர் வீட்டுப் புறாவெல்லாம் பறந்தன.

என் கணவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என்ன இலா?"

"இது என்ன?" விரலை மூக்குக்கு நேராக நீட்டினேன்.

முகமெல்லாம் மலர்ந்தது அவருக்கு. "பாத்துட்டியா? நான்தான் விட்டேன். நேத்து நீ தூங்கும்போது. எல்லாத் துளையிலயும். ஒண்ணு விடலை."

"எல்லாத் துளையிலயுமா?"

"புரோகிதர் கிண்ணம் நிறையக் குழைச்சு வெச்சிட்டுப் போயிட்டாரு. அப்படியே மிச்சம்."

"அதை இவ வயித்துலயா ஊத்துவீங்க? புத்தி இருக்கா உங்களுக்கு? குங்குமம் பொடி! மண்ணு மாதிரி! உள்ள போய் அடைச்சிட்டு நிக்குது! என்னைக் கொன்னிருக்கலாம் நீங்க!"

மலர்ந்த முகம் அப்படியே வாடிவிட்டது. "சாமிக்கு வெச்ச எண்ணெய் இலா," என்றார் மெதுவாக. "அதைக் கொண்டுபோய் எங்க கொட்டச் சொல்ற? சாக்கடையிலயா? நாலு பேர் கால் படற இடத்துலயா? யாருக்காக வெச்சாங்களோ அவளுக்கே போகட்டும்னு நெனச்சேன். நீயா இருந்தா எங்க கொட்டியிருப்ப?"

எங்கே கொட்டியிருப்பேன்? சத்தியமாக எனக்கும் தெரியவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

கேதகி ஈரத்தலையோடு படியிறங்கி வந்து நின்றாள். எங்கள் இருவர் முகத்தையும், நின்றுபோன சக்கரத்தையும், என் சிவப்பு விரலையும் பார்த்தாள். கேட்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடுங்க பௌதி," என்றாள். "பூர்ணேந்து அண்ணனைத் திட்டாதீங்க. மல்லிகாவுக்குத் தோழி வேணுமில்ல? விளக்குப் பிடிக்கிறேன். எனக்குப் பழக்கம்தானே."

அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் ‘பழக்கம்தானே’யைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எந்திரிடீ!" என்று கத்தினேன். "பழக்கமாம் பழக்கம்! அந்த மண்ணெண்ணெய் டின்னை எடு. நீங்க ஸ்பானரை எடுங்க. வாய் பேசக் கூடாது, ரெண்டு பேரும்."

அன்று காலை நாங்கள் மூன்று பேரும் செய்தது மேம்சாகிப்புக்கு வயிற்றைக் கழுவுகிற வேலை. அவர் ஒவ்வொரு மூடியாகக் கழற்ற, நான் துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்ற, கேதகி தன் கொண்டை ஊசியில் துணி சுற்றி உள்ளே விட்டுக் குடைந்தாள். சிவப்புக் குழம்பு வழிந்தது. சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் இன்னும் வழியும். துடை, ஊற்று, ஆட்டு, துடை. தெளிந்த மண்ணெண்ணெய் வந்த பிறகு மெஷின் எண்ணெய். மேம்சாகிப்பின் அடியில் தவழ்ந்து தவழ்ந்து என் கணவரின் வெள்ளை பனியன் கறுப்பும் சிவப்புமாகிவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை மனுஷன். சொன்னால் சொன்னபடி இருப்பது அவருக்கு வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சின்னத் துளைகளெல்லாம் சரியாகிவிட்டன. பெரிய அச்சுத்தண்டு மட்டும் பிடிவாதம் பிடித்தது. முழுசாகக் கழற்றினால் ஒரு நாள் வேலை. மோட்டாரைப் போட்டால் மறுபடியும் பெல்ட் வழுக்கியது. வெளியே ஒன்பதரை மணி வெயில் வந்துவிட்டது. அச்சகத்தில் உதவிக்கு இருக்கிற எங்கள் ஆள் ஹரிபதோ பூஜைக்கு ஊருக்குப் போனவன், சொன்ன தேதிக்கு வந்ததாகச் சரித்திரமில்லை.

"பெல்ட்டைக் கழட்டு," என்றார் என் கணவர், முதல் முறையாக வாய் திறந்து. "கையால சுத்தறேன்."

"இந்த இறுக்கத்துல தோள் கழண்டு போயிடும்."

"பிரேக் பிடிக்காத டிராமைக் கையால இழுத்து நிறுத்தினவன் நான். நீ தாளை விடு."

பெல்ட்டைக் கழற்றினேன். அவர் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்து, காலை அகட்டி நின்று, மூச்சை இழுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். சக்கரம் முக்கிக்கொண்டு நகர்ந்தது. எழுத்துப் பலகை முன்னால் வந்தது, மை உருளைகள் அதன் மேல் ஓடின, நான் தாளை விட்டேன், பெரிய உருளை அதைச் சுருட்டி எடுத்து அழுத்திக் கக்கியது. கேதகி தாளை இரு கையாலும் ஏந்திக் கொடியில் போட்டாள். பார்க்கக்கூட நேரமில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. கைச் சுற்றில் தாளம் பிடித்துவிட்டால் மேம்சாகிப்புக்கும் பிடித்துப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் விட்டது.

பாதிகூட முடியவில்லை. வாசலில் ஹாரன் அடித்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குட்டி வேன். அதில் டிரைவருக்குப் பக்கத்தில் கோஷால் பாபு, தலைக்கு வாசனை எண்ணெய் தடவி வழித்து வாரிக்கொண்டு. பின்னால் காகிதம் சுற்றின ஒரு கட்டு. அது யார் பெயர் என்று கேட்க வேண்டியதில்லை.

"பௌதி! ஆச்சா?" என்று இறங்காமலே கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் நேரம் பாபு! ஓடிட்டிருக்கு!"

"பத்துன்னா பத்துதான் பௌதி. ஏஜென்டுங்க ஆபீஸ்ல காத்திட்டிருக்காங்க, ஹவுராவுல ரயில் பிடிக்கணும். வருத்தப்படக் கூடாதுன்னு முதல்லயே சொன்னேனா இல்லையா?" டிரைவரைத் தட்டினார். "எடு."

நான் தாள் கொடுக்கிறதை நிறுத்திவிட்டு ஓட முடியாது. தாள் இல்லாமல் உருளை எழுத்துப் பலகையை அழுத்தி எல்லாம் மையாகிவிடும். என் கணவர் சக்கரத்தை விட முடியாது. விட்டால் மறுபடி கிளப்ப வேண்டும். இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு முழித்தோம். திரும்பினால் கேதகியைக் காணவில்லை.

வேன் நகரத் தொடங்கவும் அவள் அதன் முன்னால் போய் நின்றாள். கொண்டை ஊசி இல்லாத தலை விரிந்து கிடந்தது. கை இரண்டும் முழங்கை வரை சிவப்பு. கன்னத்தில் கறுப்பு மை. வேஷம் போட்டிருந்தால்கூட இவ்வளவு அமைந்திருக்காது.

"ஜமீந்தாரே!" என்றாள்.

அந்தக் குரல் எங்கே இருந்தது இத்தனை நாள்? வெற்றிலை மடிக்கிறவளுடைய குரலா அது?

"என் குடிசையை இடித்தீர், பொறுத்தேன்! என் குளத்தில் மண்ணைக் கொட்டினீர், பொறுத்தேன்! இன்று என் நெஞ்சின் மேல் வண்டி ஓட்ட வந்தீரோ? ஓட்டும்! ஓட்டிப் பாரும்!"

டிரைவர் எஞ்சினையே அணைத்துவிட்டான்.

"கேதகி, வழியை விடு, இதென்ன விளையாட்டு," என்றார் கோஷால் பாபு.

"விளையாட்டா? பசித்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உம் வாசலில் கிடந்தேனே, அது விளையாட்டா? உம் நாய்க்கு எறிந்த சோற்றை நான் எடுத்தேன் என்று கையைச் சுட்டீரே, அது விளையாட்டா? ஜமீந்தாரே, இறங்கி வாரும்! ஆண்பிள்ளையானால் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும்!"

எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்தார்கள். நாலு வீடு தள்ளி இருந்த கம்பெனி ஆபீஸிலிருந்து, கைப்பையும் குடையுமாக, ஜில்லா ஏஜென்டுகள் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். சந்து அடைத்துக்கொண்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோஷால் பாபு முதலாளி ஆவதற்கு முன்னால் பதினைந்து வருஷம் ஜமீந்தார் வேஷம்தான் கட்டினார். வேறெந்த வேஷமும் அவருக்கு ஒட்டவில்லை. சுற்றிலும் கூட்டம், எதிரே ஒருத்தி அடியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்கிறாள். அந்த மனுஷனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? கழுத்து நரம்பு புடைத்தது. வேன் கதவு திறந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"யாரடி நீ!" என்று அவர் போட்ட கர்ஜனையில் டீக்கடைக்காரர் கைதட்டிவிட்டார். "எவர் வாசலில் நின்று எவரைக் கேள்வி கேட்கிறாய்? யாரங்கே! இந்தப் பித்துப் பிடித்தவளை இழுத்து அப்புறப்படுத்துங்கள்!"

"சுத்துங்க!" என்று நான் உள்ளே கத்தினேன். "சுத்துங்க, சுத்துங்க!"

என் கணவர் சுற்றினார். வெளியே ஒரு நாடகம், உள்ளே ஒரு நாடகம். அவர் மூச்சு இரைக்கிற சத்தம், மேம்சாகிப் பலகையை இழுத்துத் தள்ளுகிற சத்தம், ஜன்னல் வழியாக ராட்சசியின் சிரிப்பு. அச்சான தாளை எடுக்க ஆளில்லாமல் நானே ஒரு கையால் விட்டு ஒரு கையால் எடுத்தேன். கொடி நிறைந்து, படி நிறைந்து, என் கட்டில் மேலும் போட்டேன். அங்கே ஜமீந்தார் அவளை மிரட்டினார், பிறகு பேரம் பேசினார், பிறகு அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் அவள் என்ன சொன்னாளோ, மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கூட்டம் மொத்தமும் மூச்சுவிடாமல் நின்றது மட்டும் தெரிந்தது. கோஷால் பாபு முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார், தெருவில், சலவை வேட்டியோடு.

கடைசித் தாள் விழுந்தது. என் கணவர் கைப்பிடியை விட்டுவிட்டு அப்படியே தரையில் சரிந்தார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்திருந்தது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். "நல்லாத்தான் சுத்தினீங்க," என்றேன். அவர் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு கை நிறையப் போஸ்டர்களை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கைதட்டல் அப்போதுதான் ஓய்ந்துகொண்டிருந்தது. கோஷால் பாபு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திடுக்கிட்டார், பிறகு என்னைப் பார்த்தார்.

பாங்குரா ஜில்லா ஏஜென்டு, குடை பிடித்த பெரியவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "கோஷால் பாபு, ரயில் கிடக்கட்டும். எனக்கு மூணு ராத்திரி எழுதிக்கோங்க. ஆனா இந்த அம்மாதான் வரணும். வேற ஆளை அனுப்பினீங்க, பந்தல்ல நாற்காலி பறக்கும். அம்மா பேர் என்ன?"

கோஷால் பாபு டிரைவர் பக்கம் திரும்பி, "அந்தக் கட்டை இறக்கு," என்றார்.

நான் ஒரு போஸ்டரை உதறி, வாசல் சுவரில் அகலமாக வைத்துப் பிடித்தேன். மை ஈரத்தில் பளபளவென்று சிவப்பு. பாங்குராக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தார். பின்னால் நின்றவர்களும் படித்தார்கள். டீக்கடைக்காரர் ஒரு தடவை படித்துவிட்டு, வராதவர்களுக்காக இன்னொரு தடவை படித்தார்.

கேதகிக்கு அதுவரை இருந்த குரல் எங்கேயோ போய்விட்டது. சுவருக்குப் பக்கத்தில் வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் தலைக்கு நேராக இருந்தன அந்த எழுத்துக்கள்.

"ஈரம்டீ, தொட்டுடாத," என்றேன் பழக்கத்தில்.

"தொடலை பௌதி," என்றாள் அவள். "சும்மா பக்கத்துல நிக்கறேன்."

நான் போஸ்டரைப் பிடித்த கையை இறக்கவில்லை. கை வலித்தது, இறக்கவில்லை. வேனில் போஸ்டர்களை ஏற்றி முடிக்கிற வரைக்கும் அவள் அங்கேயேதான் நின்றாள்.